கார்பன் அம்பை வீட்டில் வெட்டலாமா? ரம்பத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வேலை

பென்சில்வேனியாவுக்குக் குடிவந்து, காம்பவுண்ட் வில் (கப்பிகள் வைத்த நவீன வில்) வாங்கி, இந்த இலையுதிர்காலத்தில் முதல்முறையாக வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வில்லின் இழுவிசை 60 பவுண்டு, டிரா லெங்த் (நாணை இழுக்கும் நீளம்) 28 அங்குலம், கையில் 400 ஸ்பைன் கார்பன் தண்டுகள் ஒரு டஜன். பைப் கட்டராலோ ஹாக்ஸா பிளேடாலோ அவற்றை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாமா என்பது உங்கள் கேள்வி. இரண்டாலும் வெட்டக்கூடாது, அதுதான் நேரடி பதில். ஆனால் கேள்வியைத் திரும்பப் படித்தபோது, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறொன்று என்று பட்டது: நானே வெட்டி ஒட்டிய அம்பு பாதுகாப்பானதா, வேட்டைக்கான பிளேடு முனையை (பிராட்ஹெட்) பொருத்தினாலும் நேராகப் போகுமா என்பதை எதை வைத்து நம்புவது? வெட்டு ஒரு நிமிட வேலை. அந்த நம்பிக்கை அதற்கு முன்னும் பின்னும் செய்கிற வேலையில்தான் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் படித்தது இயந்திரவியல். சில வருடங்கள் கார்பன் நாரிழைக் குழாய்கள் செய்யும் வேலையில் இருந்தேன். 14 பருவங்களாக வில்லோடு காட்டுக்குப் போகிறேன். என் அம்புகளை நானே வெட்டி ஒட்டிக்கொள்கிறேன். எல்லாம் காம்பவுண்ட் வில், கார்பன் தண்டு அனுபவம்தான். மரத்தண்டோடு பாரம்பரிய வில் எய்பவர்களின் கைப்பக்குவம் என்னிடம் இல்லை. அதைப் பற்றி அவர்களிடம் கேட்பதே சரி. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இலக்கு வில்வித்தைக்குக் கார்பன் தண்டு வெட்டுபவர்களுக்கும் இதில் பாதிக்குமேல் பயன்படும் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் அந்த 400 என்ற எண். தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் வைத்து, நடுவில் 1.94 பவுண்டு, அதாவது 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் தண்டு எவ்வளவு தொய்கிறது என்பதே ஸ்பைன். 0.400 அங்குலம் தொய்ந்தால் 400. எண் கூடினால் தண்டு நெகிழ்வானது, குறைந்தால் விறைப்பானது. நாணை விட்ட கணத்தில் பின்னாலிருந்து நாண் தள்ளும், முன்னால் இருக்கும் முனையின் எடை நகர மறுக்கும், நடுவில் தண்டு வில்லாக வளையும். நீளத்தைக் குறைத்தால் அந்த வளைவு குறையும். முனையின் எடையைக் கூட்டினால் வளைவு கூடும். தண்டின் மேல் அச்சிட்ட எண் அப்படியே இருக்க, ஓர் அங்குலம் வெட்டியதும் அம்பின் நடத்தை மாறிவிடுகிறது. வெட்டியதை ஒட்டவும் முடியாது. உங்கள் 60 பவுண்டுக்கும் ஏறக்குறைய 28 அங்குல அம்புக்கும், 100 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) முனையோடு, பெரும்பாலான அட்டவணைகள் 400-ஐத்தான் காட்டும். 125 கிரெயினுக்கு மேல் போனால், அல்லது வில் வேகமான ரகமாக இருந்தால், 340 கேட்கும். உங்கள் தண்டைச் செய்த நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தைத் தொட வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது நீளம். டிரா லெங்த் 28 என்பதால் அம்பையும் 28-ல் வெட்டினால் போதும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகள். டிரா லெங்த் என்பது இழுத்த நாணிலிருந்து கைப்பிடியின் ஆழமான புள்ளி வரைக்கும் அளந்து, அதோடு 1¾ அங்குலம் கூட்டியது. அம்பின் நீளமோ, நாக் என்ற பின்நுனித் துண்டில் நாண் உட்காரும் பள்ளத்தின் அடியிலிருந்து தண்டு முடியும் இடம் வரை. முனையும் பிளேடும் கணக்கில் சேராது. நான் வெட்டிய முதல் டஜனில் முனையையும் சேர்த்து அளந்துவிட்டேன். பன்னிரண்டும் ஓர் அங்குலத்துக்குமேல் குட்டையாகி, பிராட்ஹெட் பொருத்தி இழுத்தால் பிளேடு கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒன்றைக்கூட வேட்டைக்கு எடுத்துப் போகவில்லை.

சரியான வழி எளிது. வெட்டாத தண்டில் நாக்கைச் செருகி, சாதாரண முனை ஒன்றையும் மாட்டி, பயிற்சி மைதானத்தில் இலக்குப் பொதிக்கு நேராக நின்று முழுதாக இழுங்கள். நண்பர் பக்கவாட்டில் நின்று, வில்லில் அம்பைத் தாங்கும் அரோ ரெஸ்டில் அம்பு படும் முன்விளிம்புக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போடட்டும். எக்காரணம் கொண்டும் அவர் உங்களுக்கு முன்னால் வரக்கூடாது. பிறகு நாணை மெதுவாகத் திரும்ப இறக்குங்கள். அந்தக் கோட்டிலிருந்து முன்னோக்கி ஓர் அங்குலம் தள்ளி வெட்டினால் பாதுகாப்பான இடைவெளி கிடைக்கும். பெரிய பிளேடு முனையாக இருந்தால் பிளேடின் பின்விளிம்பு வில்லின் உடலையோ விரலையோ தொடாமல் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். எடையைக் குறைத்து வேகம் கூட்டுவதற்காக ரெஸ்டின் விளிம்பு வரை வெட்டுபவர்கள் உண்டு. முதல் பருவத்தில் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

எடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் தண்டு அங்குலத்துக்கு 8.4 கிரெயின் என்று வைத்துக்கொள்வோம் (பெட்டியில் போட்டிருக்கும்). 28 அங்குலத்துக்கு 235 கிரெயின். இன்சர்ட் (முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டும் துண்டு) 16, நாக் 9, மூன்று பிளாஸ்டிக் இறகுகள் 18, முனை 125. மொத்தம் 403 கிரெயின், கிட்டத்தட்ட 26 கிராம். 60 பவுண்டால் வகுத்தால் பவுண்டுக்கு 6.7 கிரெயின். 5-க்குக் கீழே போனால் வில்லின் ஆற்றல் அம்புக்குள் போகாமல் வில்லின் கைகளையே அடிக்கும். வில் செய்பவர்களின் உத்தரவாதமும் பொதுவாக அங்கே நின்றுவிடும். மானுக்கு 6-லிருந்து 8 வரை நல்ல இடம். எட் ஆஷ்பி பல ஆண்டுகள் செய்த ஊடுருவல் சோதனைகளை வைத்து, 650 கிரெயினுக்குக் குறையாத அம்புதான் வேண்டும் என்று வாதிடுபவர்களை நீங்கள் சீக்கிரமே சந்திப்பீர்கள். அந்த எண் கனமான எலும்பைத் துளைப்பதைப் பற்றியது. 20 யார்டில் நிற்கும் வெள்ளைவால் மானின் விலாவுக்குள் 400 கிரெயின் அம்பு கூர்மையான பிளேடோடு நன்றாகவே கடந்து போகிறது என்பது என் அனுபவம். மற்ற அனுபவக்காரர்கள் இதில் மாறுபடலாம்.

இப்போது வெட்டு. கார்பன் தண்டு என்பது பிசினில் ஊறிய நாரிழைகளின் கட்டு. பைப் கட்டர் சுற்றிச் சுற்றி நெரித்து வெட்டும் கருவி. செம்புக் குழாய் நெரிந்தால் உலோகம் ஒதுங்கிக் கொடுக்கும். கார்பனில் நாரிழை உள்ளுக்குள்ளேயே முறியும். வெளியே பார்த்தால் வெட்டு சுத்தமாகவே தெரியும், விரிசல் மட்டும் அரை அங்குலம் உள்ளே ஓடியிருக்கும். ஹாக்ஸாவின் பற்கள் ஒவ்வொன்றும் ஒரு கற்றை நாரைப் பிடித்து இழுத்துப் பிளக்கும். வேண்டியது பல் இல்லாத, வேகமாகச் சுழலும், மெல்லிய உராய்வுத் தகடு. அம்பு வெட்டுவதற்கென்றே விற்கும் சிறிய ரம்பங்களில் அதுதான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கையடக்கச் சுழல்கருவியில் வலுவூட்டிய வெட்டுத்தகட்டைப் பொருத்தி, கருவியை மேசையோடு இறுகக் கட்டி, மரக்கட்டையில் வி வடிவப் பள்ளம் எடுத்துத் தண்டுக்குப் படுக்கை செய்துகொள்ளலாம். நாக் பக்கம் முட்டி நிற்க ஒரு கட்டையை ஆணியடித்துவிட்டால் பன்னிரண்டும் ஒரே நீளத்தில் வரும். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று சுற்றுங்கள். தகடு முழு வேகத்துக்கு வந்த பிறகு தண்டைத் தொடவிட்டு, அழுத்தாமல், விரலால் மெதுவாக உருட்டுங்கள். ஒரே பக்கமாக அழுத்தித் துண்டித்தால் கடைசியில் வெட்டுப்படும் பக்கத்தில் நார் பிய்ந்து நிற்கும்.

தூசியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்பன் தூசி தோலில் குத்தி அரிக்கும், கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். மின்சாரம் கடத்தும் தூசி என்பதால் மோட்டார்களையும் கெடுக்கும். என்95 முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். கராஜ் கதவைத் திறந்துவைத்து, வேக்குவம் குழாயின் வாயைத் தகட்டுக்கு அருகிலேயே கட்டிவிடுங்கள். முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். காற்றடித்து ஊதினால் அந்தத் தூசி ஒரு மணி நேரம் அங்கேயே மிதக்கும். அன்று போட்ட சட்டையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

எந்தப் பக்கத்தை வெட்டுவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இறகும் நாக்கும் ஒட்டி வந்த தண்டென்றால் முன்பக்கத்தை மட்டும்தான் வெட்ட முடியும், யோசிக்க ஒன்றுமில்லை. வெறும் தண்டென்றால், இரண்டு நுனிகளில்தான் கோணல் அதிகம், ஆகவே இரண்டு பக்கமும் கொஞ்சம் எடுக்க வேண்டும் என்பார்கள். மலிவான தண்டுகளில் அது உண்மையாக இருப்பதைச் சுழற்றிப் பார்த்திருக்கிறேன். நல்ல தண்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. 0.001 அங்குல நேர்த்தி என்று விற்கும் தண்டுக்கும் 0.006 என்று விற்கும் தண்டுக்கும் விலை வித்தியாசம் அதிகம். 30 யார்டுக்குள் என் கையால் அதைப் பிரித்தறிய முடிந்ததில்லை. அந்தக் காசை நல்ல பிளேடுகளில் போடுவேன்.

எதை விட்டாலும் இதை விடாதீர்கள்: வெட்டிய முகம் தண்டின் அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இதற்கென்று அம்பு முகம் சமப்படுத்தும் சிறு கருவி கிடைக்கிறது. இரண்டு உருளைகள் மேல் தண்டைப் படுக்கவைத்து, எதிரே உள்ள உரசுதட்டில் நுனியை மெல்லத் தொடவிட்டு உருட்ட வேண்டும். உருட்டும் முன் வெட்டு முகம் முழுக்க வெள்ளி நிற மார்க்கரைத் தடவுங்கள். நான்கைந்து சுற்றுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் வளையத்தின் ஒரு பக்கம் கறுப்பாகியிருக்கும், எதிர்ப்பக்கத்தில் வெள்ளி அப்படியே பிறைபோல மின்னும். கறுப்பு மேடு, வெள்ளி பள்ளம். இன்னும் உருட்டுங்கள். பிறை மெலிந்து, நூலாகி, மறைந்து, வளையம் முழுதும் ஒரே கறுப்பாக வந்தால் முகம் சமம். ரம்பத்திலிருந்து நேராக வந்த தண்டுகளில் எனக்குப் பாதிக்குமேல் இந்தப் பிறை தெரியும். அதன் மேல் இன்சர்ட்டை ஒட்டினால் முனை ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். சாதாரண முனையில் அது தெரியவே தெரியாது. அகன்ற பிளேடு முன்னால் சிறகுபோல வேலை செய்யும்போது அந்த மயிரிழை இலக்கில் ஒரு கையகலம் ஆகிவிடும்.

பழைய ஆட்களின் வேலை இங்கே நினைவுக்கு வருகிறது. கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் கடைசியாக எஞ்சிய இஷி 1911-ல் ஓரோவில் ஊருக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த சாக்ஸ்டன் போப் அவரிடமே வில்வேலை கற்று எழுதி வைத்தார். இஷி அம்புக்கான குச்சியைத் தணலில் வாட்டி, கோணல் உள்ள இடத்தை அழுத்தி நிமிர்த்தி, மறுபடி கண்ணோடு வைத்துப் பார்ப்பார். மணற்கல்லில் தேய்த்து வழவழப்பாக்குவார். இன்று அமெரிக்க வில்வேட்டைக்காரர்களின் பெரிய சங்கம் ஒன்று, 1961-ல் தொடங்கியது, போப்பின் பெயரையும் அவரது தோழர் ஆர்தர் யங்கின் பெயரையும் தாங்கியிருக்கிறது. மரம் சூட்டுக்கு இணங்கி நிமிரும். கார்பனுக்கு அந்தக் குணம் இல்லை. சூடேறினால் பிசின் கெட்டு நார்கள் பிரியும். கோணலான கார்பன் தண்டைக் கழித்துவிடுவதைத் தவிர வழியில்லை.

இந்தச் சூட்டுப் பயம்தான் ஒட்டும்போதும் வேண்டும். தண்டின் உட்புறத்தை 91 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பஞ்சு கறுக்காமல் வெளியே வரும்வரை. இன்சர்ட்டை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி அதையும் துடைத்து உலரவிடுங்கள். குறைந்த சூட்டில் உருகும் ஹாட்மெல்ட் பசை, அல்லது 24 மணி நேர எபாக்சி. ஹாட்மெல்ட் என்றால் இன்சர்ட்டில் முனையைத் திருகி, அந்த முனையைத்தான் குறடால் பிடித்துச் சூடாக்க வேண்டும்; தீச்சுடர் கார்பனைத் தொடவே கூடாது. பிறகு இன்சர்ட்டைக் கழற்றவோ திருப்பவோ நினைத்தால் இது வசதி. எபாக்சி என்றால் முதலில் நாக்கைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் உள்ளே அடைபட்ட காற்று, நீங்கள் தள்ளத் தள்ள இன்சர்ட்டை மெதுவாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சுழற்றிச் சுழற்றிச் செருகி, பிதுங்கியதைத் துடைத்து, இன்சர்ட் பக்கம் கீழாக நிறுத்தி உலர்த்துங்கள். நான் வேட்டை அம்புகளுக்கு எபாக்சியைத்தான் நம்புகிறேன்.

இறகு ஒட்டுவதற்கு ஜிக் (இறகைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும் சட்டம்) வேண்டும். மூன்று இறகு, 120 பாகை இடைவெளி, லேசான திருகல். பிளேடு முனையை அம்பு சுழன்று சமாளிக்க அந்தத் திருகல் உதவும். ஒவ்வோர் இறகின் முன்நுனியிலும் பின்நுனியிலும் கூடுதலாக ஒரு துளி பசை வையுங்கள், பிய்வது அங்கிருந்துதான். பிளேடுகளும் இறகுகளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு விதமாகவும் எய்து பார்த்தேன், ஒரே இடத்தில்தான் பட்டது.

எல்லாம் காய்ந்ததும் பிராட்ஹெட்டை மாட்டி, இரண்டு உருளைகள் மேல் அம்பைச் சுழற்றுங்கள். நுனிக்கு எதிரே சுவரில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் ஆட்டம் உடனே தெரியும். ஆடினால் வேறு பிராட்ஹெட்டை மாட்டிப் பாருங்கள். அப்போதும் ஆடினால் இன்சர்ட் முகத்தை மறுபடி சமப்படுத்துங்கள். அப்படியும் அடங்காத அம்பைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். பிறகு சமநிலைப் புள்ளி, அதாவது எடை எவ்வளவு முன்பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது: அம்பை விரல் மேல் நிறுத்தி, நாக் பள்ளத்திலிருந்து அளந்தால் 17.3 அங்குலம் வருகிறது என்று வையுங்கள். பாதி நீளம் 14. வித்தியாசம் 3.3-ஐ 28-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 12 சதவீதம். 10-லிருந்து 15-க்குள் இருந்தால் வேட்டை அம்புக்குப் போதும்.

இதையெல்லாம் பன்னிரண்டு தண்டிலும் ஒரே நாளில் செய்யாதீர்கள் என்பதுதான் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். ஒன்றை மட்டும் வெட்டுங்கள், அதையும் கணக்கிட்டதைவிட அரை அங்குலம் நீளமாக. முழுதாகச் செய்து முடித்து 20 யார்டில் சாதாரண முனையோடு எய்யுங்கள், பிறகு பிராட்ஹெட்டோடு. இரண்டும் ஒரே இடத்தில் பட்டால் மீதிப் பதினொன்றையும் அதே நீளத்துக்கு வெட்டலாம். பிராட்ஹெட் இடப்பக்கம் தள்ளிப் பட்டால் ரெஸ்டை வலப்பக்கம் ஒரு நூலளவு நகர்த்திப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் ஸ்பைன் பொருந்தவில்லையோ என்று சந்தேகியுங்கள். அந்த அரை அங்குலம் கையில் இருப்பது அப்போது உதவும். ஒரு டஜனுக்காக மட்டும் ரம்பம் வாங்குவது வீண் செலவு என்றால், கடையில் கொடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். வாங்கிய கடையென்றால் பெரும்பாலும் சிறு தொகைக்கே செய்து தருவார்கள். முகம் சமப்படுத்துவதையும் ஒட்டுவதையும் மட்டும் வீட்டில் நீங்களே செய்யுங்கள்.

சட்டப் பக்கம்: பென்சில்வேனியாவில் முதல்முறை வேட்டை உரிமம் எடுப்பவர் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும், வில்லுக்குத் தனி உரிமமும் எடுக்க வேண்டும். பிராட்ஹெட்டின் வெட்டகலம் 7/8 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, வெட்டு விளிம்பு குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். விதிகள் மாறுவதுண்டு, பருவத்துக்கு முன் மாநில வேட்டை ஆணையத்தின் அந்த ஆண்டுக் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் செய்ய வேண்டிய சோதனை. கையுறை போட்டு, அம்பின் இரு நுனியையும் பிடித்து, முகத்துக்கு அப்பால் நீட்டி, ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் வளையுங்கள். காதைக் கொடுங்கள். கால் சுற்று திருப்பி மறுபடி வளையுங்கள், நான்கு பக்கமும். பிறகு இரு நுனிகளையும் எதிரெதிராக முறுக்குங்கள். நல்ல தண்டு சத்தமே போடாது. காய்ந்த ஓலை நொறுங்குவதுபோல ஒரு சின்ன நரநரப்பு கேட்டாலும், தண்டின் மேல் பஞ்சை உருவினால் எங்காவது இழை மாட்டினாலும், அந்த அம்பை அங்கேயே முறித்துப் போடுங்கள். இலக்கில் ஓர் அம்பின் மேல் இன்னோர் அம்பு பட்டாலும், கல்லில் உரசினாலும், இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். விரிசல் விட்ட கார்பன் தண்டு நாணை விடும்போது சிதறி, வில்லைப் பிடித்திருக்கும் முன்கைக்குள் இறங்கும். எங்கள் மைதானத்தில் ஒருவருக்கு அப்படி இறங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று காலை அவருடைய அம்புகள் இரண்டு இலக்கில் ஒன்றோடொன்று மோதியிருந்தன. அவர் உரசல் தடத்தைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்துவிட்டு, வளைத்துப் பார்க்காமல் நாணில் ஏற்றினார்.

பயிற்சியில் எய்த பிளேடுகள் இலக்குப் பொதியில் மழுங்கிவிடும். அதனால் பன்னிரண்டில் நன்றாகச் சுழன்ற நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை எய்து சரிபார்த்து, புதுப் பிளேடு மாட்டி, நாக்கில் எண் எழுதி, காட்டுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். மற்ற எட்டும் பயிற்சிக்கு.